யூரோவிஷன் பருவத்தில் ரசிகர் வாக்கெடுப்பு நடத்துவது எப்படி

யூரோவிஷன், நாடுகள் ஆளுக்கொரு பாடலை அனுப்பி மோதும் ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி; ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும். 2011-இல் அதன் ரசிகர் மன்றங்கள் தங்களுக்குள் நடத்திய வாக்கெடுப்பில் ஹங்கேரிப் பாடகி காட்டி வுல்ஃபின் பாடல் முதலிடம் பிடித்தது. டூசல்டார்ஃபில் நடந்த இறுதிச் சுற்றில் அதே பாடல் 22-ஆம் இடத்தில் நின்றது. மன்றத்தினர் வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டது ஒலிப்பதிவை. போட்டியன்று ஐரோப்பா வாக்களித்தது மேடையில் மூன்று நிமிடம் கண்டதற்கு. இரண்டும் வேறு வேறு கேள்விகள், அதனால் விடையும் வேறாக வந்தது.

வாட்ஸ்ஆப் குழுவிலோ கல்லூரி நண்பர்களுக்குள்ளோ யூரோவிஷன் வாக்கெடுப்பு நடத்துபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எதைக் கேட்டுச் சொன்ன கருத்து, எந்தத் தேதியில் சொன்னது, எந்த முறையில் கூட்டியது என்ற மூன்றையும் எழுதி வைக்காவிட்டால் மே மாதக் கடைசியில் கையில் இருப்பது வெறும் எண்கள்தான். மூன்றையும் எழுதி வைத்தால் அதே எண்கள் உங்கள் குழுவின் ரசனையைப் பற்றி நிறையச் சொல்லும்.

எப்போது கேட்பது

ஒரே தடவை கேட்டால் போதாது. மூன்று தடவை கேளுங்கள்.

முதல் சுற்று மார்ச் கடைசி வாரம். நாடுகள் தங்கள் பாடலைத் தேர்ந்தெடுப்பது டிசம்பரில் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை நடக்கும். இத்தாலியின் சான்ரெமோ, ஸ்வீடனின் மெலோடிஃபெஸ்டிவாலன் போன்ற பெரிய தேசியப் போட்டிகள் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. எல்லாப் பாடலும் வெளிவந்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பிப்ரவரியிலேயே தொடங்கினால், முதலில் வெளியான பாடல்கள் காதில் பழகிப்போய்க் கூடுதல் புள்ளி வாங்கிவிடும். கடைசியாக வந்த பாடலை அதற்குள் ஒரு தடவைகூடச் சிலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது சுற்று, மே மாதப் போட்டி வாரத்தில் வியாழனன்று நடக்கும் இரண்டாவது அரையிறுதி முடிந்த பின். மூன்றாவது சுற்று, இறுதிச் சுற்றில் கடைசிப் பாடல் முடிந்து முடிவு அறிவிப்பு தொடங்குவதற்கு முன். முடிவைப் பார்த்தபின் வாங்கும் மதிப்பெண்ணை எறிந்துவிடுங்கள். ஜெயித்த பாடல் அடுத்த நாள் காலையில் எல்லோருக்கும் பிடித்துவிடும். இது மனித சுபாவம், யாரும் பொய் சொல்வதில்லை.

எத்தனை பேர் வேண்டும்

குறைந்தது 15 பேர். பத்துக்குக் கீழே போனால் ஒருவர் தன் முதலிடத்துக்குக் கொடுக்கும் 12 புள்ளியே பட்டியலின் மேல்பகுதியைப் புரட்டிவிடும். 25 பேருக்கு மேல் கிடைத்தால் இரண்டாகப் பிரிக்கலாம்: பாடத் தெரிந்தவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், ஒலிப்பதிவில் வேலை பார்ப்பவர்கள் ஏழு பேரை ‘நடுவர்’ என்று தனியாக வையுங்கள், மற்றவர்கள் ‘மக்கள்’. போட்டியிலும் நடுவர், மக்கள் என்று இரு தரப்பும் புள்ளி தருகின்றன. ஏழு என்பதற்கும் காரணம் உண்டு. நீண்ட காலம் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவிலும் ஐந்து பேர் இருந்தார்கள். 2026 வியன்னா போட்டிக்கு அதை ஏழாக்கினார்கள், அதில் இருவராவது 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியோடு. உங்கள் குழுவிலும் இளையவர்கள் இருவரைக் கட்டாயம் சேருங்கள். நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் பாலட் எனும் மெதுவான, உருக்கமான பாடல்கள்தான் மேலே வரும்.

போட்டியில் உள்ள ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: யாரும் தான் வசிக்கும் நாட்டுக்குப் புள்ளி தரக்கூடாது. சென்னையிலோ மதுரையிலோ உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. குழுவில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஜெர்மனி, லண்டன் தமிழர்கள் இருந்தால் கட்டாயம் பொருந்தும். 2024-இல் சுவிட்சர்லாந்தின் நெமோ ஜெயித்ததுபோன்ற ஆண்டில், சூரிக்கிலிருந்து நான்கு பேர் சேர்ந்தாலே உங்கள் பட்டியல் சாய்ந்துவிடும். வாக்கு வாங்கும் கூகுள் ஃபார்மில் ‘வசிக்கும் நாடு’ என்று ஒரு கேள்வி வைத்தால் பிறகு சரிபார்ப்பது எளிது.

பாடல்களைக் கேட்கும் முறை

2025-இல் 37 நாடுகள் பங்கேற்றன. விதிப்படி ஒரு பாடல் அதிகபட்சம் மூன்று நிமிடம், ஆக மொத்தம் ஏறத்தாழ 110 நிமிடம். ஒரே மூச்சில் கேட்டால் இருபதாவது பாடலுக்குப் பிறகு காது மரத்துப்போகும். அதற்குமேல் வரும் மென்மையான பாடல்கள் எல்லாம் ‘பரவாயில்லை’ ஆகிவிடும். நான்கு நாளில், நாளுக்கு ஒன்பது பத்துப் பாடலாகப் பிரியுங்கள்.

வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். எல்லோரும் ஆங்கில அகரவரிசையில் கேட்டால் அல்பேனியாவுக்கும் உக்ரைனுக்கும் ஒரே நியாயம் கிடைக்காது. பிளேலிஸ்ட்டை ஷஃபிளில் போட்டாலே போதும். முதல் தடவை திரையைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேளுங்கள், முடிந்தால் ஹெட்போனில். இரண்டாவது தடவை வீடியோவோடு. அதிகாரபூர்வ வீடியோவில் மலையும் கடலும் ட்ரோன் காட்சியும் இருக்கும். மேடையில் அது இருக்காது. அதிகபட்சம் ஆறு பேர் மேடையில் நிற்கலாம், முதன்மைக் குரல் நேரடியாகப் பாட வேண்டும் என்பது விதி. 2021 முதல் பின்னணிக் குரலை முன்பதிவாக ஒலிக்கவிட அனுமதி இருக்கிறது. ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கேட்ட முதன்மைக் குரல் அரங்கில் தனியாக நிற்கும்போது எப்படி இருக்கும் என்று மனதில் ஒரு கேள்வி வைத்துக்கொண்டே கேளுங்கள்.

ஒவ்வொரு பாடலுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் கேட்காதீர்கள். ஒருவருக்கு ஏழு என்றால் நல்ல பாட்டு. இன்னொருவருக்கு ஏழு என்றால் சுமார். இரண்டையும் கூட்டினால் வருவது அர்த்தமில்லாத எண். அதற்குப் பதிலாக மூன்று குவியல்: திரும்பக் கேட்பேன், கேட்டால் அணைக்க மாட்டேன், வேண்டாம். முதல் குவியலில் 12 முதல் 15 பாடல் மிஞ்சும். அதை மட்டும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால் முதல் பத்து தானாக வந்துவிடும். முதலிடத்துக்கு 12, இரண்டாவதற்கு 10, மூன்றாவதற்கு 8, பிறகு 7, 6, 5, 4, 3, 2, 1. இது 1975 முதல் யூரோவிஷனில் இருக்கும் அளவுகோல். ஒருவர் தரும் மொத்தம் 58 புள்ளி. ஷீட்டில் யாருடைய கூட்டுத்தொகையாவது 58 இல்லை என்றால் அவர் ஒரே புள்ளியை இரண்டு நாட்டுக்குக் கொடுத்திருக்கிறார் அல்லது ஒன்றை விட்டுவிட்டார். தவறைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

12 கொடுத்த பாடலுக்கு மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: ‘எந்த இடத்தில் பிடித்தது?’ ‘செம’, ‘வேற லெவல்’ என்று வருவதை ஏற்காதீர்கள். நிமிடமும் நொடியும் கேளுங்கள். 2025-இல் ஜெயித்த ஆஸ்திரியாவின் ஜேஜேயின் பாடலை எடுத்துக்கொண்டால், ஒபரா பாணியில் மேலே ஏறும் ஆண்குரல் ஒரு பக்கம், கடைசிப் பகுதியில் வெடிக்கும் டெக்னோ இன்னொரு பக்கம். ஒரே பாடலுக்கு இரண்டு பேர் 12 கொடுத்தும் இரண்டு வேறு பாடலை விரும்பியிருக்கலாம். கறுப்பு வெள்ளைக் காட்சியில், புயலில் ஆடும் சிறு படகில் அவர் நின்றதைப் பார்த்தபோது அந்த இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்தன. குறிப்பு எழுதி வைத்திருந்தால்தான் மார்ச்சுக்கும் மேக்கும் நடுவே என்ன மாறியது என்று சொல்ல முடியும்.

கூட்டும் முறை: இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

ரேங்க்கைக் கூட்டிச் சராசரி எடுப்பது நியாயமாகத் தெரியும். செய்து பாருங்கள். ஐந்து பேர் 26 பாடலை வரிசைப்படுத்துகிறார்கள். முதல் பாடலுக்கு அவர்கள் தந்த இடம் 1, 2, 1, 3, 26. கூட்டினால் 33, சராசரி 6.6. இரண்டாவது பாடலுக்கு 6, 6, 7, 6, 7. கூட்டினால் 32, சராசரி 6.4. யாருக்குமே முதல் ஐந்தில் இல்லாத பாடல், ஐவரில் நால்வர் முதல் மூன்றில் வைத்த பாடலை முந்திவிட்டது. ஒரே ஒருவருடைய வெறுப்பு நான்கு பேரின் விருப்பத்தை அடித்துப்போட்டது.

இதையே புள்ளியாக மாற்றினால் முதல் பாடலுக்கு 12+10+12+8+0 = 42; இரண்டாவதற்கு 5+5+4+5+4 = 23. போட்டியிலும் இதே சிக்கல் இருந்தது. நடுவர்களின் ரேங்க்கை வெறும் சராசரியாக எடுத்ததால், ஒருவர் கடைசியில் வைத்தாலே ஒரு பாடல் சரிந்தது. 2018 முதல் மேல் இடங்களுக்குக் கூடுதல் எடை தரும் கணக்குக்கு மாறினார்கள். உங்கள் குழுவுக்கு 12-10-8 முறையே போதும்.

இரண்டு குழு வைத்திருந்தால், நேரடியாக எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டாதீர்கள். ஏழு நடுவர் தருவது 406 புள்ளி, 20 பேர் மக்கள் தருவது 1,160. கொட்டினால் நடுவர் இருந்தும் இல்லாததுபோல் ஆகும். ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக வரிசை எடுத்து, அந்த வரிசைக்கு 12 முதல் 1 வரை கொடுத்து, பிறகு இரண்டையும் கூட்டுங்கள். சமநிலை வந்தால் மக்கள் புள்ளி அதிகம் உள்ள பாடல் மேலே. போட்டியிலும் மொத்தப் புள்ளியில் சமநிலை வந்தால் மக்கள் வாக்கையே முதலில் பார்ப்பார்கள். இந்த விதியை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். 1969-இல் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் தலா 18 புள்ளி பெற்றபோது சமநிலையை உடைக்க விதியே இல்லை, நான்கையும் வெற்றியாளராக அறிவிக்க வேண்டி வந்தது.

கூகுள் ஃபார்மில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒருவருக்கு ஒரே பதில் என்ற அமைப்பை இயக்குங்கள். பதில்களின் சுருக்கத்தைப் பங்கேற்பாளருக்குக் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இடையில் யார் முன்னணி என்று தெரிந்தால், மீதிப் பேர் அதை எதிர்த்தோ ஆதரித்தோ வாக்களிப்பார்கள். மூடும் நேரத்தைக் குறித்து, அந்த நிமிடத்தில் மூடுங்கள். ‘இன்னும் ரெண்டு பேர் போடணும்’ என்று நீட்டினால் அந்த இருவரின் கையில்தான் முடிவு போகும்.

பெரிய ரசிகர் வாக்கெடுப்புகளைப் படிப்பது

உங்கள் பட்டியலை ஒப்பிட மூன்று அளவுகோல்கள் கிடைக்கும்.

முதலாவது, ஓ.ஜி.ஏ.இ. வாக்கெடுப்பு. 1984-இல் ஃபின்லாந்தின் சவோன்லின்னாவில் தொடங்கிய ரசிகர் மன்றங்களின் கூட்டமைப்பு இது. ஒவ்வொரு நாட்டு மன்றமும் உறுப்பினர்களிடம் கேட்டு, போட்டியைப் போலவே 12-இலிருந்து 1 வரை கொடுக்கும். 2012, 2023 இரண்டிலும் ஸ்வீடனின் லொரீனைச் சரியாக முதலில் வைத்தார்கள். இரண்டு முறையும் அவரே ஜெயித்தார். 2017-இல் முதலில் வைத்த இத்தாலியின் ஃப்ரான்செஸ்கோ கப்பானி ஆறாவது வந்தார், 2021-இல் மால்டாவின் டெஸ்டினி ஏழாவது. மன்றத்தினர் நூறு தடவை கேட்டவர்கள். முதல் தடவை கேட்கும் ஒருவருக்கு ஒரு பாடல் எப்படிப் படும் என்பதை அவர்களால் உணர முடியாது. இது அவர்களின் குறை இல்லை, ஆழ்ந்த ரசனைக்கு இருக்கும் இயல்பு. அந்தப் பட்டியலில் ஏழு முதல் பதினைந்து வரை உள்ள பாடல்களைத் தேடிக் கேளுங்கள், பொக்கிஷங்கள் அங்கேதான் கிடக்கும்.

இரண்டாவது, பந்தய நிறுவனங்களின் விகிதம். பணம் கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, பொதுமக்களின் எதிர்பார்ப்பு எப்படி நகர்கிறது என்று காட்டும் கருவியாக மட்டும் பாருங்கள். விகிதம் 4.0 என்றால் 1-ஐ 4-ஆல் வகுங்கள்: 25 சதவீதம். எல்லா நாட்டுக்கும் வகுத்துக் கூட்டினால் நூறைத் தாண்டும், ஏனென்றால் நிறுவனத்தின் லாபமும் அதற்குள் இருக்கிறது. மொத்தத்தால் வகுத்து நூறுக்குக் கொண்டுவந்த பின்பே ஒப்பிடுங்கள். ஒத்திகைப் படங்கள் வெளியாகும் வாரத்தில் இது வேகமாக மாறும். அப்போதும் தவறலாம்: 2025-இல் ஸ்வீடனின் சானாக் குளியல் பாடல்தான் முன்னணியில் இருந்தது, கடைசியில் நான்காவது வந்தது.

மூன்றாவது, உண்மையான முடிவின் பிளவு. 2016 முதல் நடுவர் புள்ளியும் மக்கள் புள்ளியும் தனித்தனியாக அறிவிக்கப்படுகின்றன. 2016 முதல் 2025 வரை நடந்த ஒன்பது போட்டிகளில் (2020 நடக்கவில்லை) இரண்டு தரப்பிலும் முதலிடம் பெற்றவர் ஒரே ஒருவர்: 2017-இல் போர்ச்சுகலின் சல்வடோர் சொப்ரால், மொத்தம் 758 புள்ளி. 2016-இலும் 2019-இலும் ஜெயித்தவர்கள் ஒரு தரப்பில்கூட முதலிடம் பெறவில்லை. 2023-இல் லொரீனுக்கு நடுவர் 340, மக்கள் 243. ஃபின்லாந்தின் கேரியாவுக்கு நடுவர் 150, மக்கள் 376. ரசிகர்களுக்குள் இன்றும் தீராத வாக்குவாதம் இது.

இரு தரப்பும் ஏன் இப்படிப் பிரிகின்றன? நடுவர்கள் வாக்களிப்பது முந்தைய இரவு ஒத்திகையைப் பார்த்து. குரல் வளம், மேடை நிகழ்த்தல், இசையமைப்பு, ஒட்டுமொத்தத் தோற்றம் என்று தலைப்பு வைத்து எல்லாப் பாடலையும் வரிசைப்படுத்துகிறார்கள். மக்கள் வாக்கில் வரிசை கிடையாது. ஒருவர் தனக்குப் பிடித்ததற்குப் பல வாக்கு போடலாம். முன்பு 20 வரை, 2026 முதல் 10 வரை. பிடிக்காததற்கு எதிராகப் போட வழியில்லை. ஆகவே பாதிப் பேர் உயிராய் நேசித்து மீதிப் பேர் காதைப் பொத்திக்கொள்ளும் பாடல் மக்கள் வாக்கில் மேலே போகும், எல்லோருக்கும் ஓரளவு பிடித்த பாடல் காணாமல் போகும். 2025-இல் போட்டி நடத்திய சுவிட்சர்லாந்தின் ஸோயி மேயின் பாடலுக்கு நடுவர் 214, மக்கள் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தை ‘மக்கள் வெறுத்தார்கள்’ என்று படிப்பது தவறு. எந்த நாட்டிலும் முதல் பத்துக்குள் வரவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அருமையான பாடல் அது.

இதை உங்கள் குழுவில் சோதிக்கலாம். மூன்று குவியலில் ‘வேண்டாம்’ என்று ஒதுக்கியவற்றையும் ஃபார்மில் கேட்டு, ஒவ்வொரு பாடலுக்கும் 12 கொடுத்தவர் எத்தனை, ஒதுக்கியவர் எத்தனை என்று பக்கத்தில் பக்கமாக வையுங்கள். இரண்டு எண்ணும் பெரிதாக இருக்கும் பாடலை வட்டமிடுங்கள். மக்கள் வாக்கில் திடீரென்று பாயக்கூடியது அதுதான்.

இறுதி இரவு

சனிக்கிழமை, மத்திய ஐரோப்பிய கோடை நேரம் இரவு 9 மணிக்குத் தொடக்கம். இந்தியாவிலும் இலங்கையிலும் அது ஞாயிறு அதிகாலை 12.30. அரையிறுதிகள் அதே கணக்கில் புதன், வெள்ளி அதிகாலை. ‘சனிக்கிழமை இரவு’ என்று காலண்டரில் போட்டு ஒருநாள் தவறவிடுபவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. பாடல்கள் முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம், முடிவு தெரிய நம் நேரம் அதிகாலை நாலு, நாலரை மணி ஆகும். அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் நேரலை வரும். அங்கே சாட் பகுதியை மூடிவிடுங்கள், இல்லையென்றால் பாட்டு முடிவதற்குள் பிறர் கருத்து உங்கள் கருத்தாகிவிடும். டிவியில் பேச்சைத் துலக்கும் ஒலி அமைப்பு இருந்தால் அணையுங்கள், அது தாளத்தை நசுக்கி அரங்க ஆரவாரத்தைத் தூக்கிக் காட்டும்.

ஒவ்வொருவர் கையிலும் அச்சடித்த ஒரு தாள். போன் வேண்டாம். நாட்டின் பெயர் பாடும் வரிசையில், பக்கத்தில் மூன்று கட்டம்: குரல், மேடை, பாட்டு. ஒவ்வொன்றுக்கும் கூட்டல், கழித்தல் அல்லது காலி. இரண்டு பாடலுக்கு நடுவே ஓடும் அறிமுகப் படத்தின் அரை நிமிடத்துக்கும் சற்று மேலான நேரத்தில் இதற்குமேல் எழுத முடியாது. முதல் மூன்று பாடலுக்குப் பென்சிலால் போடுங்கள். அளவுகோல் நிலைபெறுவதற்குள் வந்தவை அவை. பாடும் வரிசையை 2013 முதல் தயாரிப்பாளர்களே அமைக்கிறார்கள், வரிசையின் தாக்கம் சாதாரணமானதல்ல. இறுதிச் சுற்றில் இரண்டாவதாகப் பாடி 2025 வரை ஒருவர்கூட ஜெயித்ததில்லை. எல்லாம் முடிந்து தொகுப்புக் காட்சி ஓடும்போது பென்சில் குறிகளைத் திருத்தி, அப்போதுதான் 12 முதல் 1 வரை நிரப்ப வேண்டும்.

உண்மையான வாக்கும் போடலாம். 2023 முதல் பங்கேற்காத நாடுகளிலிருந்து இணையத்தில் கட்டணம் செலுத்தி வாக்களிக்க முடியும். உலகின் மீதி நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஒரே நாட்டைப் போல 58 புள்ளி தருகின்றன. ஒஸ்லோவிலோ பெர்னிலோ இருக்கும் உறவினரின் வாக்கு அந்தந்த நாட்டுக் கணக்கில் சேரும், அங்கே அதற்கு எடை அதிகம்.

மறுநாள் ஒப்பிடும்போது பெரிய கணக்கு தேவையில்லை. உங்கள் முதல் பத்தில் எத்தனை பாடல் உண்மையான முதல் பத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். நடுவர் முதல் பத்தோடு தனியாக, மக்கள் முதல் பத்தோடு தனியாக. பிறகு மார்ச் பட்டியலுக்கும் இறுதி இரவுப் பட்டியலுக்கும் நடுவே ஐந்து இடத்துக்குமேல் ஏறியவை, இறங்கியவை எவை என்று பாருங்கள். ஏறியது மேடையால் ஏறியிருக்கும். இறங்கியதற்குப் பெரும்பாலும் நேரடிக் குரல் காரணம். அதிகாரபூர்வத் தளத்தில் ஒவ்வொரு நாட்டின் விரிவான முடிவும், பெயரில்லாமல் தனித்தனி நடுவரின் வரிசையும் வெளியாகும். உங்கள் ரசனைக்கு மிக நெருக்கமான நாடு எது என்று தேடுவது இந்த வேலையிலேயே சுவையான பகுதி.

ஷீட்டைப் பூட்டி, ஆண்டைப் பெயராகப் போட்டு வையுங்கள். அடுத்த போட்டிக்குத் தகுதியான பாடல்கள் செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன் வணிகமுறையில் வெளியாகியிருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே புதிய ஷீட்டை அந்தத் தேதியில் திறந்து, நாடுகளின் பெயரை மட்டும் நிரப்பி வைத்தால் போதும்.